பழைய காரில் என்ஜினும் பிரேக்கும் ஒன்றாகப் படுத்தினால் எங்கே கை வைப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். 1960-களின் நடுவில் வந்த கார். 1600 சி.சி. சுமாருக்கு நாலு சிலிண்டர் என்ஜின், ஒற்றை எஸ்யு (SU) கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்குக் கொடுப்பது), நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். முன்பு வைத்திருந்தவர் பானட்டுக்குள் தனியாக ஒரு வேக்யூம் சர்வோவை, அதாவது என்ஜின் உறிஞ்சும் பலத்தால் பிரேக் மிதிக்குப் பலம் கூட்டும் கருவியைப் பொருத்தியிருக்கிறார். சூடானால் ஐட்லிங் நிற்பதில்லை, மேட்டில் இழுவை இல்லை. பிரேக் முதல் மிதிக்கு அடிவரை போகிறது, இரண்டாவது மிதிக்குத்தான் பிடிக்கிறது. பிடித்தாலும் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. இதற்கெல்லாம் சேர்த்து ஒரு ஜோடி வெபர் கார்புரேட்டர், ரேஸ் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), எலக்ட்ரானிக் இக்னிஷன், முன்னால் டிஸ்க் பிரேக் என்று பட்டியல் போட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பட்டியலை இப்போதைக்கு மடித்து வையுங்கள். கோளாறோடு இருக்கிற வண்டியில் புது பாகம் ஏற்றினால் கோளாறு போகாது, ஒளிந்துகொள்ளும். அதன் பிறகு திணறல் வெபர் ஜெட்டால் (பெட்ரோலை அளந்து விடும் துளை) வருகிறதா, பழைய ஓட்டையால் வருகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோது எப்படி ஓடியதோ, முதலில் அந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். அதுவும் ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம், பிறகு ஓட்டிப் பார்ப்பது என்ற கணக்கில்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: "சிக்னலில் பிரேக்கை மிதித்துக்கொண்டு நிற்கும்போதுதான் அதிகமாகத் திணறுகிறது." என்ஜினையும் பிரேக்கையும் நீங்கள் இரண்டு தனித்தனி வியாதியாகப் பார்க்கிறீர்கள். உங்கள் வண்டியில் அந்த இரண்டையும் ஒரு ரப்பர் ஓஸ் இணைக்கிறது. இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவை போகும் வழி) சர்வோவுக்குப் போகும் வேக்யூம் ஓஸ்தான் அது. சர்வோவுக்குள் இருக்கும் டயாஃபிராம் என்ற ரப்பர் தடுப்பு கிழிந்திருந்தால், பெடலை மிதித்தவுடன் ஒரு பக்கம் நுழையும் வெளிக்காற்று கிழிசல் வழியாக நேராக மேனிஃபோல்டுக்குப் போய்விடும். கார்புரேட்டர் அளந்து கொடுக்காத காற்று அது. கலவை மெலிந்து, அதாவது காற்று கூடிப் பெட்ரோல் போதாமல், என்ஜின் திணறும்.

சோதனை எளிது. ஐட்லிங்கில் பெடலை மிதித்துப் பிடியுங்கள். சத்தம் ஒரு கணம் மாறி மீண்டுவிட்டால் இயல்பு. மிதித்திருக்கும் வரை திணறிக்கொண்டே இருந்தால் சர்வோ கசிகிறது. உறுதிப்படுத்த, வண்டியை நிறுத்திய இடத்திலேயே அந்த ஓஸைக் கழற்றி, மேனிஃபோல்டு பக்கத்து வாயை இறுக்கமாக அடைத்துவிட்டு ஐட்லிங்கைப் பாருங்கள். சட்டென்று சீரானால் கார்புரேட்டரைத் தொட வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம். கழற்றிய ஓஸுக்குள் விரலை விட்டுப் பார்க்கவும் மறக்காதீர்கள். ஈரமாக, பிரேக் ஆயில் வாசனையோடு இருந்தால் சர்வோவின் ஹைட்ராலிக் சீலும் போய்விட்டது என்று அர்த்தம். என்ஜின் பிரேக் ஆயிலை உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருக்கிறது. வெளியே எங்கும் சொட்டாது, ஆனால் டப்பாவில் அளவு குறையும், சைலன்ஸரில் வெள்ளைப் புகை வரும்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம், நானே இதில் ஏமாந்திருக்கிறேன். ஒரு வண்டியில் வெள்ளைப் புகையைப் பார்த்து, ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்) போய் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே வருகிறது என்று முடிவு கட்டி ஹெட்டைக் கழற்றினேன். கேஸ்கெட் புத்தம் புதிது போல இருந்தது. பூட்டிய பிறகும் புகை. ரேடியேட்டரில் தண்ணீர் ஒரு சொட்டும் குறையவில்லை என்பதை முதல் நாளே கவனித்திருந்தால், குறைவது வேறு எந்த டப்பா என்று தேடியிருப்பேன்.

இனி பிரேக். என்ஜின் நின்றுபோனால் ஓரமாக நிறுத்திக்கொள்ளலாம், பிரேக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால் பிரேக் முடியும் வரை என்ஜினில் சர்வோ ஓஸைத் தவிர வேறெதையும் தொட வேண்டாம்.

பெடல் என்ன சொல்கிறது என்று கேட்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. ஸ்பான்ஜ் போல மெத்தென்று அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. கெட்டியாக நின்று, காலை எடுக்காமல் வைத்திருந்தால் மெதுவாக இறங்கிக்கொண்டே போனால், வெளியே கசிவும் இல்லையென்றால், பெடல் மிதிக்கு ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் போய்விட்டது. உங்களுடையது மூன்றாவது வகை: முதல் மிதி கீழே, இரண்டாவது மிதி மேலே, ஆனால் கெட்டி. பெரும்பாலும் இது பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி கூடிப்போனதன் அடையாளம். அந்தக் காலத்து டிரம் பிரேக் பெரும்பாலும் தானாக அட்ஜஸ்ட் ஆகாது. லைனிங் தேயத் தேய ஷூ நகர வேண்டிய தூரம் கூடும். முதல் மிதியின் ஆயில் முழுக்க அந்த இடைவெளியைக் கடப்பதற்கே செலவாகிவிடும். ஷூ முழுதாகத் திரும்புவதற்குள் இரண்டாவது தடவை மிதிப்பதால்தான் அப்போது பிடிக்கிறது. "டிரம் பிரேக் என்றாலே இப்படித்தான்" என்று சொல்பவர்களின் வண்டிகளில் பாதிக்கு ஸ்பானரைப் பிடித்து அட்ஜஸ்ட் செய்தாலே போதும் என்பது என் அனுபவம்.

அதையும் முறையாகச் செய்ய வேண்டும். சக்கரத்துக்கு அடை கொடுத்து, ஜாக்கை நம்பாமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின்பக்கம் தொடங்குவதற்கு முன் ஹேண்ட்பிரேக் கேபிளை முழுக்கத் தளர்த்துங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கேபிள் ஷூவைப் பாதி இழுத்து வைத்திருந்தால் அட்ஜஸ்டர் பொய் சொல்லும். அட்ஜஸ்டரைச் சக்கரம் சுற்ற முடியாத அளவுக்கு இறுக்குங்கள். ஒருவரை உட்காரவைத்துப் பெடலை அழுத்தி மிதிக்கச் சொல்லுங்கள், ஷூ டிரம்முக்கு நடுவில் வந்து உட்காரும். மறுபடி அட்ஜஸ்டரைத் தொட்டால் இன்னும் கொஞ்சம் இறுகும். இனி இறுகாது என்ற நிலை வந்ததும் ஒவ்வொரு கிளிக்காகத் தளர்த்தி, சக்கரம் சுற்றத் தொடங்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். லேசான உரசல் சத்தம் கேட்டால் பரவாயில்லை. முன்னால் இரட்டை லீடிங் ஷூ (இரண்டு ஷூவையும் தனித்தனி வீல் சிலிண்டர் தள்ளும் அமைப்பு) இருந்தால் ஒரு சக்கரத்துக்கே இரண்டு அட்ஜஸ்டர் இருக்கும். ஒன்றை மட்டும் திருப்பிவிட்டு இறங்கிப்போன மெக்கானிக்கின் கைவண்ணத்தைப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன்.

வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்றவுடன் இடது சக்கரத்தைக் கழற்றாதீர்கள். வண்டி இழுப்பது நன்றாகப் பிடிக்கிற பக்கத்துக்கு. எனவே வலது முன் சக்கரத்தில்தான் முதல் சந்தேகம். டிரம்மைக் கழற்றியதும் உள்ளே படிந்திருக்கும் தூளை ஏர் அடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டிப் போடுங்கள். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நெம்பிப் பாருங்கள். உள்ளே நனைந்திருந்தால் சீல் கசிகிறது. லைனிங் எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தால் அதைக் காப்பாற்ற முயல வேண்டாம். பெட்ரோல் போட்டுக் கழுவினாலும், உப்புத்தாளில் தேய்த்தாலும், சூடு ஏறியதும் உள்ளே இருக்கும் எண்ணெய் மேலே வந்துவிடும். மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

எல்லாம் சுத்தமாக இருந்தால் ரப்பர் பிரேக் ஓஸைப் பாருங்கள். வயதான ஓஸ் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்சுவர் வீங்கி வழியை அடைத்திருக்கும். காலால் மிதிக்கும் அழுத்தத்தில் ஆயில் எப்படியோ தாமதமாக உள்ளே போகும், திரும்பி வராது. மிதித்துவிட்டபின் சக்கரம் இறுகியே இருந்தால் பிளீடிங் நிப்பிளை (சக்கரத்தருகே காற்றை வெளியேற்றும் திருகு) கொஞ்சம் திறங்கள். பீச்சியடித்துச் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. அடுத்து அதே சோதனையை ஓஸுக்கு மேலே இருக்கும் இரும்புக் குழாய் இணைப்பில் செய்யுங்கள். அங்கே திறந்தால் விடுபடவில்லை, நிப்பிளில் திறந்தால்தான் விடுபடுகிறது என்றால் ஓஸ்தான் குற்றவாளி. நாலு சக்கரமும் சேர்ந்து இறுகினால் பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டருக்குப் போகும் தள்ளுகோலில் இடைவெளி இல்லை. பெடல் முழுக்க மேலே வந்த பிறகும் கோல் பிஸ்டனைச் சற்றுத் தள்ளிக்கொண்டிருந்தால் ஆயில் திரும்பும் சின்னத் துளை மூடியே இருக்கும். சூட்டில் ஆயில் விரியும், பிரேக் தானே பிடிக்கும், மேலும் சூடாகும்.

பிரேக் ஆயில் பற்றிச் சுருக்கமாக. டப்பாவில் போட்டிருக்கும் டாட் (DOT) எண்தான் அதன் தரம். டாட் 3, டாட் 4, டாட் 5.1 எல்லாம் கிளைக்கால் வகை, காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230° செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் அந்த வரம்பு 155°தான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது இதனால்தான். டாட் 5 சிலிகான் வகை. பெயரில் 5.1-க்கு அண்ணன் மாதிரி இருந்தாலும் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, கலக்கக் கூடாது.

பிரேக் முடிந்து பெடல் முதல் மிதியிலேயே மேலே நிற்கிறது என்றால் என்ஜினுக்கு வரலாம். கார்புரேட்டர் கோளாறில் பாதி, பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கிறது என்று மெக்கானிக்குகள் சொல்வது வெறும் பேச்சில்லை. அதற்குள் திறந்து மூடும் பாயிண்ட்டின் ஃபைபர் குதிகால் கேம் மீது உரசித் தேயும்போது இடைவெளி குறையும், இடைவெளி குறைந்தால் டைமிங் பின்தங்கும், அதாவது பொறி தாமதமாக வரும். பின்தங்கிய டைமிங்கில் இழுவை போகும், என்ஜினும் அநாவசியமாகச் சூடாகும். நீங்கள் சொன்ன அறிகுறிகளில் இரண்டு இதிலேயே வந்துவிட்டன. இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வைத்து, டுவெல் மீட்டர் (பாயிண்ட் எத்தனை டிகிரி மூடியிருக்கிறது என்று காட்டுவது) இருந்தால் அதில் சரிபாருங்கள்; நாலு சிலிண்டர் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர்களில் பெரும்பாலும் 60° சுற்றி வரும். பாயிண்ட் முதலில், டைமிங் பிறகு. வரிசை மாறினால் செய்த டைமிங் வீண். அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்யூம் அட்வான்ஸ் குழாயை (உறிஞ்சலுக்கேற்ப டைமிங்கை முன்னே தள்ளுவது) வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பாருங்கள்: பாயிண்ட் தட்டு நகர வேண்டும், நகர்ந்த இடத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் அந்தக் குட்டி டயாஃபிராமும் ஓட்டை, அதுவும் ஒரு காற்றுக் கசிவு.

நான் ஒரே ஒரு மீட்டர்தான் வாங்கலாம் என்றால் வேக்யூம் கேஜ் வாங்குவேன். கேம் மாற்றாத ஆரோக்கியமான என்ஜின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் பாதரசம் காட்டும், ஊசி அசையாது. அசையாமல் தாழ்ந்து நின்றால் டைமிங் பின்தங்கியிருக்கிறது அல்லது காற்று கசிகிறது. ஒரே தாளத்தில் சட்டென்று விழுந்து எழுந்தால் ஏதோ ஒரு வால்வு ஒழுங்காக உட்காரவில்லை. அப்படிக் காட்டினால் கம்ப்ரெஷன் பாருங்கள்: எல்லா பிளக்கையும் கழற்றி, திராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால் அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் குறைந்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட்.

இவ்வளவுக்கும் பிறகுதான் எஸ்யு. ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனை மெல்ல, 1 மி.மீ.க்கும் குறைவாகத் தூக்குங்கள். என்ஜின் வேகம் ஏறி ஏறியபடியே இருந்தால் கலவை கெட்டி (பெட்ரோல் அதிகம்), உடனே அணைந்தால் மெலிவு, லேசாக ஏறி மீண்டால் சரி. பழைய எஸ்யுவில் திராட்டில் தண்டு தேய்ந்து இரு பக்கமும் காற்று இழுப்பது சகஜம். தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் தெரியும். இன்னொன்று, எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தப் பெட்ரோலுக்குச் சரியான காற்று விகிதம் 14.7-க்கு 1, 10 சதவீதம் எத்தனால் சேர்ந்தால் சுமார் 14.1. அந்தக் காலத்து ஜெட் செட்டிங்கோடு ஓட்டினால் கலவை ஏறக்குறைய 4 சதவீதம் மெலிந்துதான் போகும். ஜெட் நட்டை அதன் பக்கங்களில் ஒன்றிரண்டு அளவுக்குத் திருப்பிக் கீழே இறக்கினால் சரியாகும். பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களை எத்தனால் இளக்கிவிடும், எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றிவிடுங்கள்.

சூடானதும் நின்றுபோவதற்கு எல்லோரும் உடனே வேப்பர் லாக் (சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைப்பது) என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். நின்ற அந்த நிமிடமே ஒரு உபரி பிளக்கை ஒயரில் மாட்டி, பாடியில் வைத்து, ஸ்டார்ட்டரால் என்ஜினைச் சுற்றிப் பாருங்கள். பொறி இல்லை அல்லது மஞ்சளாகச் சோகையாக வருகிறது என்றால் பொறிக்கு வோல்ட்டேஜ் ஏற்றும் காயிலோ, பாயிண்ட்டோடு இணைந்த கண்டென்சரோ சூட்டில் படுத்துவிட்டது, பெட்ரோலுக்குச் சம்பந்தமில்லை. கண்டென்சர் புதிது என்பதால் அதை விடுவிக்காதீர்கள். இப்போது வரும் புதியவற்றை நான் பழையவற்றைவிடக் குறைவாகத்தான் நம்புகிறேன். பொறி நீலமாக இருந்தால், கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் ஃப்ளோட் டப்பாவின் மூடியைத் திறங்கள். காலியாக இருந்தால் பம்ப்பிலோ குழாயிலோ பெட்ரோல் ஆவியாகிறது. குழாய் எக்ஸாஸ்டுக்கு அருகே போகிறதா, கார்புரேட்டருக்கு அடியில் இருக்க வேண்டிய சூடு தடுக்கும் தடித்த துண்டு காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். நிறைந்திருந்து, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துச் சுற்றினால் கறுப்புப் புகையோடு கிளம்பினால் அது பெட்ரோல் வழிந்து அதிகமாகிப்போன கேஸ். வேப்பர் லாக்குக்கென்று பெட்ரோல் குழாயில் துணி கிளிப் மாட்டும் வைத்தியத்தால் கிளிப் வீணாவதைத் தவிர வேறெதுவும் நடந்து நான் பார்த்ததில்லை.

இப்போது உங்கள் பட்டியல். எலக்ட்ரானிக் இக்னிஷன் நல்ல செலவு, ஒரு எச்சரிக்கையோடு. காயிலின் முதன்மைச் சுற்றை மீட்டரில் அளந்து பாருங்கள். 3 ஓம் காயிலில் 12 வோல்ட்டுக்கு 4 ஆம்பியர் ஓடும். பேலஸ்ட் ரெசிஸ்டரோடு (கரண்ட்டைக் குறைக்கும் தடை) ஓட வேண்டிய 1.5 ஓம் காயிலை நேராக இணைத்தால் 8 ஆம்பியர். பாயிண்ட்டானாலும் அதற்குப் பதிலாக வரும் எலக்ட்ரானிக் மாட்யூலானாலும் கருகும். அதோடு, டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு ஆடினால் மாட்யூல் அதை மறைக்கும், குணப்படுத்தாது.

டிஸ்க் பிரேக்குக்கு நான் எதிரியில்லை. 1953-இல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் சி-டைப் டிஸ்க்கோடு ஜெயித்ததும், 1955-இல் சிட்ரோயன் டிஎஸ் முன்னால் டிஸ்க்கோடு வந்ததும் சும்மா இல்லை. ஆனால் டிஸ்க்கின் பெருமை சூட்டைத் தாங்குவதில்தான். ஒரு முறை சக்கரத்தைப் பிடித்து நிறுத்த நல்ல டிரம்மாலும் முடியும். மலையிறக்கத்தில் பத்தாவது தடவை மிதிக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். 100 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்துவதைவிட 120-லிருந்து நிறுத்த 1.44 மடங்கு சூடு பிறக்கிறது. என்ஜினுக்கு நிஜமாகவே பலம் கூட்டப்போகிறீர்கள் என்றால் டிஸ்க் நியாயம்.

ஆனால் அதற்கும் முன்னால் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் போடுங்கள், ஒரு பாதை போனாலும் மற்றதில் பிரேக் இருக்கும். உங்கள் வண்டியில் ஒரு ஓஸ் வெடித்தால் நாலு பிரேக்கும் போகும். அமெரிக்காவில் 1968-லிருந்து புதிய கார்களுக்கு இரட்டைச் சுற்றைக் கட்டாயமாக்கினார்கள். அப்போது இந்தப் பழைய ஒற்றைச் சுற்று சர்வோவும் போதாது, அது ஒரு சுற்றுக்கு மட்டும்தான் உதவும்.

டிஸ்க் மாற்றும்போது சறுக்கும் இடங்கள் தெரிந்தவைதான். டிரம்முக்கான பல மாஸ்டர் சிலிண்டர்களில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைக் குழாயிலேயே பிடித்து வைக்கும் ஒரு வால்வு உண்டு. டிரம்முக்கு அது தேவை, அந்த அழுத்தத்தை மீறி ஷூவைத் திருப்பி இழுக்க ஸ்பிரிங் இருக்கிறது. டிஸ்க்கில் ஸ்பிரிங் இல்லை, பேட் உரசிக்கொண்டே ஓடும். மாஸ்டர் சிலிண்டர் விட்டமும் அதேபோல். முக்கால் அங்குலத்திலிருந்து எட்டில் ஏழு அங்குலத்துக்குப் போனால் பெடல் ஓட்டம் குறைந்து கெட்டியாகத் தெரியும், ஆனால் பரப்பு 36 சதவீதம் கூடுவதால் அதே கால் பலத்துக்குக் கிடைக்கும் அழுத்தம் கால்வாசிக்கு மேல் குறையும். கெட்டியான பெடலை நல்ல பிரேக் என்று நினைத்துக்கொள்வார்கள். கடைசியாக ஒரு அற்பமான விஷயம்: கேலிப்பர் இடது வலது மாறிப் போனால் பிளீடிங் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும். காற்று மேலேதான் நிற்கும். ஒரு மாலை முழுவதும் ஏர் எடுத்து, இரண்டு டப்பா ஆயிலைக் காலிசெய்த பிறகு இதைக் கண்டுபிடித்தவன் எழுதுகிறேன்.

வெபரும் கேம்ஷாஃப்டும் கடைசி. சாலையில் ஓட்டும் 1600 சி.சி. என்ஜினுக்கு ஒரு ஜோடி வெபர் 40 டிசிஓஇ (DCOE) மாடல் போட்டால் வெஞ்சுரியை (காற்று போகும் வழியின் ஒடுங்கிய பகுதி) சின்னதாக, 30 அல்லது 32 மி.மீ. வையுங்கள். பெரிதாக வைத்தால் கீழ் வேகத்தில் காற்றோட்டம் மந்தமாகி, இழுவை இன்னும் போகும். மெயின் ஜெட்டுக்கு வெஞ்சுரி அளவின் நாலு மடங்கு என்பது தொடக்கக் கணக்கு, 32-க்கு ஏறத்தாழ 130. இங்கேயும் பிரேக் குறுக்கே வருகிறது. டிசிஓஇயில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி வழி என்பதால் ஒரு வழியிலிருந்து மட்டும் எடுக்கும் வேக்யூம் துடித்துத் துடித்து வரும், சர்வோவுக்குப் போதாது. வழிகளை இணைத்து, ஒருவழி வால்வும் சின்ன வேக்யூம் டப்பாவும் வைக்க வேண்டியிருக்கும். ரேஸ் கேமில் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடுவதால் ஐட்லிங் வேக்யூமே விழுந்துவிடும். மெதுவாக வண்டியை நகர்த்தும்போது, அடுத்தடுத்து இரண்டு தடவை மிதித்தால் மூன்றாவதற்குச் சர்வோ கைவிரிக்கும். சாலை வண்டிக்கு அந்தக் கேம் வேண்டாம் என்பது என் கருத்து. மாற்றியே தீருவேன் என்றால் ஜிங்க் சேர்மானம் அதிகமுள்ள ஆயிலை விட்டு, முதல் ஸ்டார்ட்டிலேயே 2000 ஆர்பிஎம்மில் 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஐட்லிங்கில் விட்டால் புது கேமும் டாப்பெட்டும் அன்றே தேய்ந்துவிடும். ஹெட் கழன்றிருக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடின சீட் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பழைய சீட்டைக் காத்துவந்தது பெட்ரோலில் இருந்த ஈயம். அது இல்லாமல் வேகமாக ஓட்டினால் வால்வு சீட்டுக்குள் புதையும், டாப்பெட் இடைவெளி அடிக்கடி குறைந்துபோவதுதான் அதன் முதல் அறிகுறி.

பிரேக்கில் கை வைத்த ஒவ்வொரு முறையும் முதல் ஓட்டம் ஆளில்லாத சமதளத்தில், நடக்கும் வேகத்தில், ஹேண்ட்பிரேக் வேலை செய்கிறது என்று உறுதியான பிறகு. பிறகு ஐந்தாறு கி.மீ. சாதாரணமாக ஓட்டி நிறுத்தி, நாலு டிரம்மின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். முன் இரண்டும் ஒரே சூட்டில், பின் இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அது விடாமல் பிடித்திருக்கிறது, ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலையே செய்யவில்லை. உங்கள் வண்டியில் முதலில் வலது முன் சக்கரத்தருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள்.